வாசகர் கேள்வி–பதில்: பாஸ்டனின் வின்டர் ஹில் கும்பல்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஆட்டிப்படைத்த ஐரிஷ் குற்றக் கும்பலின் தலைவர் ஜேம்ஸ் 'வைட்டி' பல்ஜர், பதினாறு ஆண்டுகள் தலைமறைவாக இருந்து 2011இல் பிடிபட்டார் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இந்தக் கும்பல் எப்படி உருவானது? ஐரிஷ் மக்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? (வாசகர், திண்டுக்கல்)

பாஸ்டனுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கும் சாமர்வில் நகரின் மேட்டுப் பகுதிக்கு வின்டர் ஹில் என்று பெயர். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களின் சந்ததியினர் இங்கும், பக்கத்தில் உள்ள சார்ல்ஸ்டவுனிலும், துறைமுகத்தை ஒட்டிய சவுத் பாஸ்டனிலும் சரக்கு இறக்கியும் லாரி ஓட்டியும் தலைமுறைகளாகப் பிழைத்து வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைத்துச் சாப்பிட்டவர்கள். துறைமுகச் சரக்கைத் திருடுவது, பந்தயம் நடத்துவது, கந்துவட்டிக்குப் பணம் கொடுப்பது என்று இறங்கிய சிலரைச் சுற்றியே கும்பல்கள் வளர்ந்தன.

1961 செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையின்போது, சால்ஸ்பரி கடற்கரையில் சார்ல்ஸ்டவுனைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்லாக்லின் என்பவர் குடிபோதையில் வின்டர் ஹில் ஆள் ஒருவரின் காதலியிடம் அத்துமீறி, அடிபட்டுக் கிடந்தார். அடித்தவர்களை ஒப்படைக்கும்படி அவருடைய சகோதரர்கள் கேட்டார்கள். துறைமுகத் தொழிலாளியாக இருந்து வின்டர் ஹில்லின் தலைவரான பட்டி மெக்லீன் மறுத்துவிட்டார். அந்த அக்டோபர் முடிவதற்குள், அந்தச் சகோதரர்களில் ஒருவரான பெர்னி மெக்லாக்லின் சார்ல்ஸ்டவுனின் சிட்டி ஸ்கொயரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் நீடித்த பழிக்குப் பழியில் டஜன் கணக்கானோர் மாண்டனர். 1965இல் மெக்லீனும் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் ஹோவி வின்டரும், அவருக்குப் பின் பல்ஜரும் தலைமைக்கு வந்தார்கள்.

கேள்வி: இத்தனை கொலைகள் செய்த ஒருவரைக் காவல் துறையால் இருபது ஆண்டுகள் தொட முடியாமல் போனது எப்படி? (வாசகி, கும்பகோணம்)

தொட முடியாமல் போகவில்லை. தொட வேண்டிய கை அவரைக் காத்து நின்றது. அந்தக் காலத்தில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் முதல் குறி இத்தாலிய மாஃபியா. பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியிலிருந்து இயங்கிய அஞ்சுலோ சகோதரர்களைச் சிறைக்கு அனுப்புவதே அங்கிருந்த அதிகாரிகளுக்குப் பெரிய வெற்றியாகக் கருதப்பட்டது. அதற்குத் தகவல் தர ஆள் வேண்டும். சவுத் பாஸ்டனில், பல்ஜர் வளர்ந்த அதே அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ஜான் கானலி என்ற எஃப்பிஐ அதிகாரி, 1975இல் பல்ஜரைத் தகவலாளியாகச் சேர்த்துக்கொண்டார். பல்ஜரின் கூட்டாளி ஸ்டீவன் ஃப்ளெமி முன்பே அந்தப் பட்டியலில் இருந்தவர். மாஃபியாவோடு நெருங்கிப் பழகியதால் பயனுள்ள செய்திகளில் பெரும்பகுதியை ஃப்ளெமிதான் கொண்டுவந்தார் என்பது பின்னாளில் தெரிந்தது.

இந்த ஏற்பாடு நாளடைவில் தலைகீழானது. குதிரைப் பந்தய மோசடி வழக்கில் 1979இல் ஹோவி வின்டர் உள்ளிட்டோர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானபோது, கானலியும் அவருடைய மேலதிகாரி ஜான் மோரிஸும் அரசு வழக்கறிஞரைப் பார்த்துப் பேசியதால் பல்ஜர், ஃப்ளெமி இருவரின் பெயர்களும் விடுபட்டன. மற்றவர்கள் சிறைக்குப் போக, இவர்கள் கையில் கும்பலே வந்து சேர்ந்தது. மோரிஸ் மொத்தம் 7,000 டாலர் லஞ்சம் வாங்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதில் ஒரு பகுதி ஒயின் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் தலைசிறந்த புலனாய்வு அமைப்பின் அதிகாரி ஒருவர் விலைபோன தொகை இவ்வளவுதான் என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

1981 மே மாதம் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், ரோஜர் வீலர் என்ற தொழிலதிபர் கோல்ஃப் ஆடிவிட்டுக் காரில் ஏறும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய நிறுவனத்தின் பணத்தில் கும்பல் கைவைத்திருந்தது. அந்தக் கொலையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று பிரையன் ஹாலரன் என்பவர் எஃப்பிஐயிடம் வந்தார். அந்தச் செய்தி கானலி வழியாகப் பல்ஜரை எட்டியது. 1982 மே 11 அன்று மாலை, சவுத் பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மதுக்கடையிலிருந்து ஹாலரன் வெளியே வந்தபோது, 32 வயது லாரி ஓட்டுநர் மைக்கேல் டோனஹியூ அவரை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டார். கார் கிளம்பியதும் குண்டுகள் பாய்ந்தன, இருவரும் இறந்தனர். டோனஹியூவுக்கும் கும்பலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அவருக்கு மனைவியும் மூன்று மகன்களும் இருந்தார்கள்.

கேள்வி: சவுத் பாஸ்டன் மக்கள் பல்ஜரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார்கள் என்று படித்தேன். ஒரு பகுதி மக்கள் முழுவதும் ஒரு கொலைகாரருக்கு ஆதரவாக இருப்பார்களா? (வாசகர், திருநெல்வேலி)

அந்த மக்களின் மௌனத்தை விசுவாசம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். வெளியாரிடம் நம் ஆளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே பழையது என்பது உண்மை. 1974இல் நீதிபதி ஆர்தர் கேரிட்டி, பாஸ்டன் பள்ளிகளில் நிலவிய நிறப் பாகுபாட்டைக் களைவதற்காக மாணவர்களைப் பகுதி விட்டுப் பகுதி பேருந்தில் அனுப்ப உத்தரவிட்டார். கறுப்பினப் பிள்ளைகள் வந்த பேருந்துகள் மீது சவுத் பாஸ்டனில் கல்லெறிந்தார்கள். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் நீதிமன்றம், பத்திரிகை, அரசு எல்லாமே தங்களுக்கு எதிரி என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது. வயதான பெண்களுக்குப் பை தூக்கி உதவுகிறவர், தெருவில் ஒழுங்கு காப்பவர் என்ற பெயரைப் பல்ஜர் சம்பாதித்துக்கொள்ள இந்த மனநிலை வசதியாக இருந்தது.

ஆனால் துணிந்து வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1984இன் தொடக்கத்தில் ஓர் இளம் தம்பதி அங்கே புதிதாகத் திறந்த மதுக்கடை ஒன்றை நடத்திவந்தார்கள். பல்ஜர் ஆட்களோடு அவர்கள் வீட்டுக்கே போனார். துப்பாக்கி மேசை மேல் இருந்தது. அந்தத் தம்பதியின் சின்ன மகளைப் பல்ஜர் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அவ்வளவு அழகான குழந்தை தகப்பன் இல்லாமல் வளர்ந்தால் பாவம் என்ற பொருளில் பேச்சு நடந்தது. கடை கைமாறியது. அந்தத் தம்பதியில் மனைவியின் மாமா பாஸ்டன் காவல் துறையில் துப்பறிவாளர். அவர் நியாயமாகச் செய்ய வேண்டியதைச் செய்து, எஃப்பிஐயிடம் புகாரைக் கொண்டுபோனார். அங்கே அதைக் கேட்டுக்கொண்டவர் கானலி. புகாரின் மீது நடவடிக்கை இல்லை. அதைப் பற்றிய செய்தி மட்டும் பல்ஜரிடம் போய்ச் சேர்ந்தது. விலகிக்கொள் என்ற எச்சரிக்கையும் திரும்பி வந்தது. இப்படி நடக்கும் ஊரில் யார் புகார் கொடுப்பார்கள்? பல்ஜர் தகவலாளி என்பதற்கான தடயங்களை 1988இலேயே பாஸ்டன் குளோப் நாளிதழ் வெளியிட்டது. அங்கே பலர் நம்பவில்லை. அவருடைய கும்பலே நம்பவில்லை. காட்டிக்கொடுப்பதை மன்னிக்க முடியாத குற்றமாகக் கருதிய பகுதியின் தலைவரே பெரிய தகவலாளி என்பதை எப்படி நம்புவார்கள்?

கேள்வி: போதைப் பொருளைத் தன் பகுதிக்குள் அவர் விடவில்லை என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

பொய். கொக்கைன் விற்றவர்களிடம் அவர் மாமூல் வாங்கினார். கொடுக்காதவர்களால் அங்கே விற்க முடியாது. 1990 ஆகஸ்ட் மாதம் சவுத் பாஸ்டன் போதைப் பொருள் வியாபாரிகள் 51 பேர் ஒரே வழக்கில் சிக்கினார்கள். அந்தப் போதையால் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள், அவரை நல்லவர் என்று நம்பிய அதே தெருக்களில்தான் இருந்தார்கள்.

கேள்வி: அவருடைய தம்பி அரசியல்வாதியாமே? (வாசகி, சேலம்)

ஆம். வில்லியம் பல்ஜர் 1978 முதல் 1996 வரை மாசசூசெட்ஸ் மாநில செனட்டின் தலைவர். பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவர். தலைமறைவான அண்ணனோடு 1995இல் தொலைபேசியில் பேசியதாகச் சாட்சியம் அளித்தவர், அவரைப் பிடித்துக் கொடுக்கும் கடமை தனக்கு இல்லை என்ற நிலையில் நின்றார். 2003இல் பல்கலைக்கழகப் பதவியை விட்டு விலகினார். அண்ணனின் குற்றங்களில் அவர் மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை.

கேள்வி: கடைசியில் நியாயம் கிடைத்ததா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஒரு பாதிதான் கிடைத்தது. கைது நெருங்குவதைக் கானலி 1994 டிசம்பரில் முன்கூட்டியே தெரிவிக்க, பல்ஜர் ஓடிவிட்டார். நீதிபதி மார்க் வுல்ஃப் 1998இல் நடத்திய விசாரணையில் எஃப்பிஐயின் உறவு முழுமையாக வெளிப்பட்டது. நம் தலைவரே நம்மைக் காட்டிக்கொடுத்தார் என்று தெரிந்ததும் அடியாட்கள் வாய் திறந்தார்கள். அவர்களில் ஒருவரான கெவின் வீக்ஸ் காட்டிய இடத்தை 2000 ஜனவரியில் தோண்டியபோது, டார்செஸ்டர் பகுதியில் நெடுஞ்சாலைக்கு அருகே மூன்று பேரின் எலும்புகள் கிடைத்தன. இருபது கொலைகளை ஒப்புக்கொண்ட ஜான் மார்டரானோ, சாட்சி சொன்னதற்காகப் பன்னிரண்டே ஆண்டுச் சிறையோடு வெளியே வந்தார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இதை எப்படித் தாங்கிக்கொண்டிருக்கும் என்று தெரியவில்லை.

பல்ஜர் 2011 ஜூனில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் பிடிபட்டபோது, அவருடைய வாடகை வீட்டில் எட்டு லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமும் முப்பது துப்பாக்கிகளும் இருந்தன. 2013இல் பதினொரு கொலைகளில் அவருடைய பங்கு நிரூபணமாகி, இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2018 அக்டோபர் 30 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் ஹேசல்டன் சிறைக்கு மாற்றப்பட்ட மறுநாளே, 89 வயதில் சக்கர நாற்காலியில் இருந்தவரைச் சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். கானலிக்குத் திட்டமிட்ட கும்பல் குற்றங்களுக்கான சட்டத்தின் கீழ் பத்தாண்டும், ஃபுளோரிடாவில் நடந்த ஒரு கொலைக்காக நாற்பதாண்டும் விதிக்கப்பட்டன. உடல்நிலை காரணமாக 2021இல் விடுவிக்கப்பட்டார்.

டோனஹியூவின் குடும்பத்துக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1998 விசாரணைச் செய்திகள் நாளிதழ்களில் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், குடும்பம் தாமதித்துவிட்டது என்பது காரணம். தகவலைக் கசியவிட்டது எஃப்பிஐ; அந்த எஃப்பிஐ எந்தத் துறையின் கீழ் இயங்குகிறதோ, அரசின் அதே நீதி அமைச்சகம்தான் காலம் கடந்துவிட்டது என்று அந்த விதவைக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் எதிராக நீதிமன்றத்தில் வாதிட்டது.