குத்துச்சண்டைக்கு முன்னால் கோழி

அன்புள்ள ஐயா,

தாய்லாந்து பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இந்த டிசம்பரில் குடும்பத்தோடு பாங்காக் போக டிக்கெட் போட்டேன். கல்லூரியில் படிக்கும் மகன் அந்த ஊர்க் குத்துச்சண்டையான முவாய் தாய் பார்த்தே ஆகவேண்டும் என்கிறான். எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. முழங்காலாலும் முழங்கையாலும் அடித்துக்கொள்வதைக் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என்றும் இருக்கிறது. மனைவிக்குத் தள்ளுவண்டிச் சாப்பாடு என்றாலே வயிற்றைப் பற்றிய பயம். பேசாமல் கோயில், படகு, மால் என்று முடித்துக்கொள்ளலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கோயிலும் படகும் எங்கே போய்விடும்? ஒரு சாயங்காலத்தை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

சண்டையையும் சாப்பாட்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்கிறீர்கள். பாங்காக்கில் இரண்டுக்கும் பின்னால் இருப்பவர்களில் நிறையப் பேர் ஒரே சீமைக்காரர்கள். நாட்டின் வடகிழக்கே ஈசான் என்ற பகுதி. மழையை நம்பியிருக்கும் வறண்ட பூமி. அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் தலைநகரில் டாக்சி ஓட்டுகிறார்கள், கட்டட வேலை பார்க்கிறார்கள், தெருவோரம் பப்பாளிக்காய் இடித்து விற்கிறார்கள். களத்தில் ஏறும் பையன்களிலும் கணிசமானவர்கள் அந்தப் பக்கம்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் ஜெயித்துத் தாய்லாந்துக்கு முதல் தங்கத்தை வாங்கித் தந்த சோம்ரக் காம்சிங், ஈசானில் உள்ள கோன் கேன்காரர். அவரும் முவாய் தாயில் வளர்ந்தவர்.

அதனால் ராஜதம்னேன் அரங்குக்குப் போங்கள். 1945 டிசம்பரில் திறந்தது, பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு புகழ்பெற்ற அரங்கமான லும்பினி 2014இல் ஊரின் வடக்குப் பக்கம் ராம் இந்த்ரா சாலைக்குப் போய்விட்டது. பழைய நகரத்தில் தங்குகிறவர்களுக்கு அலைச்சல். ராஜதம்னேனைச் சுற்றி ஈசான் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. முதலில் அங்கே உட்காருங்கள்.

சோம் தம் என்கிற அந்தப் பப்பாளிக்காய்க் கலவை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உயரமான மண் உரல், மர உலக்கை. பூண்டும் மிளகாயும் முதலில் நசுங்கும். அப்புறம் பனைவெல்லம், காராமணிக்காய், தக்காளி, சென்னாக்குன்னி, வேர்க்கடலை, எலுமிச்சை, மீன் சாஸ். கடைசியில் சீவிய பப்பாளிக்காய். வலது கையால் இடித்துக்கொண்டே இடது கையில் உள்ள கரண்டியால் கடைக்கார அம்மாள் அடியிலிருந்து புரட்டிப் போடுவார். காய் நசுங்கக் கூடாது, சாறு ஏறினால் போதும். கூடவே கொத்துமல்லி வேர், பூண்டு, மிளகு தடவி, மூங்கிலில் இடுக்கிக் கரியில் சுட்ட கோழி. ஒட்டரிசிச் சோற்றை விரலால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுவார்கள். கையால் சாப்பிடலாமா என்று திருச்சிக்காரர் அங்கே யோசிக்க வேண்டியதே இல்லை.

வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: முதல் தடவை 'சோம் தம் தாய்' என்று கேட்டால் போதும். ஊறவைத்த மீன், நண்டு போட்ட வகைகள் வேண்டாம். அந்த நண்டை வேகவைப்பதில்லை, உப்பில் ஊறவைத்ததோடு சரி. 'மய் பெட்' என்றால் காரம் வேண்டாம். நாம்தான் மிளகாய்க்குப் பழகியவர்கள் ஆயிற்றே என்ற வீறாப்பு முதல் நாளே வேண்டாம். கூட்டம் உள்ள கடையில், அடுப்பிலிருந்து நேராக இறங்குவதை வாங்குங்கள். நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது. அதற்குப் பயப்பட வேண்டாம். சுத்த சைவம் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைத் தேடுங்கள். மற்ற இடங்களில் மீன் சாஸிலிருந்து தப்புவது கஷ்டம்.

இனி சண்டை. மரபான ஆட்டம் என்றால் மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து, நடுவில் இரண்டிரண்டு நிமிடம் ஓய்வு. சில இரவுகளில் இப்போது மூன்றே சுற்றில் முடிக்கிறார்கள். டிக்கெட் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அடிதடிக்கு முன்னால் இருவரும் குருவணக்கம் செய்து மெதுவாக ஆடுவார்கள். அதற்கு வாசிக்கும் குழல் நம் நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூட இரண்டு மேளம், ஒரு ஜால்ரா. இதே வாசிப்பு சண்டை முழுவதும் தொடரும், சூடு ஏற ஏற வேகமும் ஏறும்.

ஐந்து சுற்று ஆட்டத்தில் முதல் இரண்டு சுற்று சப்பென்று இருக்கும். மகன் ஏமாந்து போகலாம். ஆழம் பார்க்கிற நேரம் அது. சூதாடிகள் விரல் சைகையில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அதில் தலையிட வேண்டாம். மூன்றும் நான்கும்தான் சண்டை. ஐந்தாவதில் முன்னணியில் இருப்பவன் பின்வாங்கி நழுவிக்கொண்டே இருந்தால் அது பயம் இல்லை, கணக்கு. விதி தெரியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். கையால் குத்துவதைவிடக் காலாலும் முழங்காலாலும் அடிப்பதற்கே அங்கே மதிப்பு அதிகம். ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் 'ஓய்!' என்று கத்தும். எதற்குக் கத்துகிறார்கள், எதற்குச் சும்மா இருக்கிறார்கள் என்று கவனித்தால் நாலாவது ஜோடி வருவதற்குள் நீங்களும் கத்துவீர்கள்.

காட்டுமிராண்டித்தனம் என்கிற உங்கள் சங்கடத்தை நான் ஒதுக்கவில்லை. வளர்ந்தவர்கள் விரும்பி ஏறுவது அவர்கள் பாடு. என்னை உறுத்துவது சின்னப் பையன்களின் சண்டைதான். 2018 நவம்பரில் பாங்காக் பக்கத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் சண்டையில் தலையில் அடிபட்டு இறந்தான். எட்டு வயதிலிருந்து சண்டை போட்டு வந்தவன். பரிசுப் பணம் குடும்பத்துக்குப் போகிறது என்பதால் ஏழை வீடுகளில் இது நிற்பதாக இல்லை. குழந்தைகள் ஏறினால் நான் வெளியே டீ குடிக்கப் போய்விடுவேன்.

உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு யோசனை. ஏதாவது பூங்காவில் செபாக் தக்ரா ஆடுவதைப் பாருங்கள். பிரம்புக் கூடை போலப் பின்னிய பந்தைக் காலாலும் தலையாலும் வலைக்கு மேலே அடிப்பார்கள். தலைகீழாகப் பாய்ந்து உதைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி காலில் வந்து நிற்பார்கள். 2018 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கும் இதில் வெண்கலம் கிடைத்தது. நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரத்தம் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. மாலை ஆறு மணிக்குப் பூங்கா ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். எல்லோரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள். முடிந்ததும் ஆட்டம் தொடரும்.