காலியும் மெட்டாஸ்பிளாய்டபிளும் பிங் ஆகவில்லை: பதில்

காலி லினக்ஸும் (பாதுகாப்புச் சோதனைக்கானது) மெட்டாஸ்பிளாய்டபிளும் (தாக்கிப் பழகுவதற்கானது) ஒன்றையொன்று பிங் செய்ய, அதாவது இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்க, முடியவில்லை என்று கேட்டீர்கள். இரண்டு விஎம்மையும் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) 'ஹோஸ்ட் ஒன்லி'க்கு, அதாவது உங்கள் கணினிக்குள் மட்டும் இருக்கும் வலைக்கு, மாற்றுங்கள் தம்பி, பிங் ஆகிவிடும்.

விஎம்களை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே 'நேட்'டில்தான் வைக்கும்; அதாவது ஒவ்வொரு விஎம்மும் உங்கள் கணினி வழியாகத் தனித்தனியே இணையத்துக்குப் போகும். அதில் ஒரு விஎம்முக்கு இன்னொன்று தெரியாது. இரண்டிலும் ஐபி (வலையில் அதன் முகவரி எண்) பாருங்கள். 10.0.2.15 என்று ஒரே எண் வந்தால் சிக்கல் இதுதான். மாற்றியபின் பொதுவாக 192.168.56 என்று தொடங்கும், ஆனால் வெவ்வேறு எண்கள் வரும்.

கூடப் படிக்கிறவர் சொன்ன 'பிரிட்ஜ்டு' மட்டும் வேண்டாம். அது விஎம்மை நேராக வைஃபை வலையிலேயே சேர்த்துவிடும். சுங்கை சிப்புட்டில் கீழே உள்ள மளிகைக்கடை வைஃபையைத்தானே பயன்படுத்துகிறீர்கள்? மெட்டாஸ்பிளாய்டபிள் வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்தது. பயனர்பெயர் எம்எஸ்எஃப்அட்மின், கடவுச்சொல்லும் அதேதான்! கடைக்காரரின் கல்லாக் கணினி இருக்கிற வலையில் அதைத் திறந்துவிடலாமா?

ஹோஸ்ட் ஒன்லியில் இணையம் வராது. அப்டேட் வேண்டுமென்றால் காலிக்கு மட்டும் இரண்டாவது அடாப்டரை (வலை இணைப்பை) நேட்டில் போடுங்கள்.