லண்டனில் அப்பா, மதுரையில் மகள்: பார்க்கும் உரிமையை எப்படிக் கேட்பது

தம்பி, உங்கள் நிலை இது: நான்கு வயது மகளோடு விடுமுறைக்கு மதுரை போன மனைவி, அண்ணாநகரில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார். விவாகரத்துப் பேச்சும் எழுந்துவிட்டது. லண்டன் கோர்ட்டில் உத்தரவு வாங்கினால் பிள்ளை திரும்பி வந்துவிடுமா என்று கேட்கிறீர்கள்.

அந்த உத்தரவு மட்டும் போதாது. நாடு விட்டு நாடு கொண்டுபோகப்படும் குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் பிரிட்டன் இருக்கிறது, இந்தியா சேரவில்லை. லண்டன் உத்தரவை நம் ஊர் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்வார், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. பிள்ளையின் நலன்தான் முதலில் என்று 2017இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக இங்கே சும்மா இருந்துவிடாதீர்கள். நர்சரியில் சேர்த்த தாள், டாக்டரிடம் பதிந்தது, திரும்பி வர எடுத்த டிக்கெட், "இந்தத் தேதியில் வருகிறோம்" என்று வந்த செய்திகள், எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். மகளின் வீடு லண்டன்தான் என்று இரண்டு நாட்டிலும் காட்ட அவைதான் ஆதாரம்.

நாள் கடத்துவதுதான் பெரிய சேதம். மகள் அங்கே பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் ஓடிவிட்டால், பழகிய இடத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்ற வாதம் தானாகவே வலுத்துவிடும்.

ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு, போடலாம் என்று சொல்வார்கள். போடலாம். ஆனால் தாயும் இயற்கைப் பாதுகாவலர். அவரிடம் பிள்ளை இருப்பதைச் சட்டவிரோதக் காவல் என்று காட்டுவது கடினம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) சட்டமும் ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே முழுப் பொறுப்பைக் கேட்டு முட்டிக்கொண்டே இருப்பதைவிட, பார்க்கவும் பேசவும் உரிமை கேட்டு மதுரை குடும்பநல நீதிமன்றத்தில் உடனே இடைக்கால மனு போடுவதே நல்லது என்பேன். மனைவி விவாகரத்து வழக்கை முதலில் போட்டுவிட்டால், இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின்படி அதே வழக்கிலேயே கேட்கலாம். இல்லையென்றால் 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் கீழ் தனி மனு. லண்டன் நீதிமன்றத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற ஒரு வரி மனுவில் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், மகள் மதுரைவாசி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

மனுவில் "வீடியோ காலில் பேச அனுமதிக்க வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால், கிடைக்கும் உத்தரவும் மொட்டையாகத்தான் இருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை நிமிடம், யார் எண்ணுக்கு, மகளுக்குக் காய்ச்சல் என்றால் மாற்று நாள் எது, எல்லாம் வேண்டும். நேரத்தை இந்திய நேரமாகவே குறியுங்கள்: மதுரை இரவு 7 மணி லண்டனில் குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 2.30. பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது பிள்ளையோடு பேச வேண்டும் என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் மேற்கோள் காட்டட்டும். நேரில் பார்க்க, சித்திரைத் திருவிழாவை ஒட்டிய பள்ளி விடுமுறையில் தொடர்ச்சியாகச் சில நாள் கேளுங்கள். முதலில் இரண்டு மணி நேரம், பொது இடத்தில் என்றுதான் கிடைக்கும். அதையும் வாங்கிக்கொண்டு ஒழுங்காக நடந்து காட்டினால்தான் அடுத்த மனுவில் கூட்டிக் கேட்க முடியும்.

உங்களுக்காக வழக்கைக் கவனிக்க உங்கள் அப்பாவுக்குப் பவர் பத்திரம் கொடுத்தால், இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குங்கள். இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை அப்பா சாட்சி சொல்ல முடியாது, கலந்தாய்வுக்கும் உங்களைக் கூப்பிடுவார்கள். காணொலி வழியாக வர அனுமதி கேட்டு வாய்தாவுக்கு முன்பே மனு போட்டு வையுங்கள்.

பிள்ளையைக் காட்டவில்லை என்ற கோபத்தில் பணத்தை நிறுத்தாதீர்கள். ஜீவனாம்ச வழக்கு தனியாக வரும். "செலவுக்கே கொடுக்காதவர்" என்ற பெயர் இந்த வழக்கையும் கெடுக்கும். மாதாமாதம் வங்கி வழியாக, மகளின் செலவுக்கு என்று குறிப்போடு அனுப்புங்கள். வீட்டாள்களை அனுப்பிப் பிள்ளையைத் தூக்கி வரும் யோசனை யாராவது சொன்னால் அன்றே தடுத்துவிடுங்கள். போலீஸ் வழக்கு ஒன்று பதிவானால் பார்க்கும் உரிமையே போய்விடக்கூடும்.

உத்தரவு கிடைத்தும் போனை எடுக்கவில்லை என்றால், தேதி, நேரம், எத்தனை முறை கூப்பிட்டீர்கள் என்பதை அன்றன்றே குறித்து வைத்து அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். போனை எடுத்தால், அம்மாவைப் பற்றி மகளிடம் ஒரு கேள்வியும் வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்த்து உட்காராது. ஒரு படக்கதைப் புத்தகத்தை இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை மதுரைக்கு அனுப்பிவிட்டு, தினம் ஒரு பக்கமாக வாசித்துக் காட்டுங்கள்.