வாகனக் கேள்வி – பதில்: பெரிய பூஸ்டர் போட்டால் பிரேக் பிடிக்குமா?

கேள்வி (கிண்ணியா வாசகர்): என்னிடம் இருப்பது 1986 ஹைலக்ஸ் பிக்கப், 2எல் வகை டீசல் எஞ்சின். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளுடன் கந்தளாய்ப் பக்கம் ஓடும்போது பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் கால்தான் நோகிறது. பிந்திய மொடலின் பெரிய பூஸ்டரை (கால் அழுத்தலுக்கு உதவி கொடுக்கும் வட்டத் தகரப் பெட்டி) போட்டால் சரியாகும் என்கிறார் கராஜ்காரர். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இப்போதுள்ள பூஸ்டருக்கு வாக்குவம் (காற்றை உறிஞ்சி எடுப்பதால் வரும் வெற்றிடம், பூஸ்டர் வேலை செய்வது இதனால்தான்) ஒழுங்காக வருகிறதா என்று பார்க்காமல் காசை இறக்க வேண்டாம். பெற்றோல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் இன்லெற் மனிபோல்டிலேயே கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது என்பதால் தனிப் பம்ப் உண்டு. உங்கள் எஞ்சினில் அது ஒல்ரனேற்றரின் பின்புறத்தில் இருக்கிறது. பற்றரி சார்ஜ் ஏறவில்லை என்று ஒல்ரனேற்றரை மாற்றும்போது பம்ப் தேய்ந்த ஒன்று மாட்டுப்பட்டால், அன்றிலிருந்தே பிரேக் கடினமாகும். பம்புக்கு எஞ்சின் ஒயில் கொண்டுவரும் சிறிய ஓஸ் அடைபட்டாலும் உள்ளேயுள்ள தகடுகள் தேய்ந்துபோகும்.

கருவி இல்லாமலே முதலில் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஐந்தாறு தரம் மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வாக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் பழுது. அடுத்து, எஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தி 30 விநாடி பாருங்கள். மிதி மேலே எழும்பினால் பூஸ்டரிலோ, வாக்குவம் திரும்பிப் போகாமல் தடுக்கும் வன்-வே வால்விலோ கசிவு இருக்கிறது.

இதன்பின் வாக்குவம் கேஜ் ஒன்றை ஓஸில் கொடுத்து, ஐட்லிங்கில் பாருங்கள். கேஜ் 20 அங்குலத்துக்குக் (பாதரச அளவு) குறைவாகக் காட்டினால் பம்பைத்தான் பார்க்க வேண்டும். கணக்கு இதுதான்: 7 அங்குலம் குறுக்களவுள்ள பூஸ்டரின் பரப்பு சுமார் 38 சதுர அங்குலம், 9 அங்குலத்தினது சுமார் 63. ஆனால் 9 அங்குலப் பூஸ்டருக்கு 10 அங்குல வாக்குவம் மட்டும் போனால், 20 அங்குலம் கிடைக்கும் 7 அங்குலப் பூஸ்டரைவிடக் குறைந்த உதவிதான் கிடைக்கும். தேய்ந்த பம்புக்குப் பெரிய பூஸ்டர் வெறும் தகரம்.

பம்ப் நன்றாக இருந்தும் உதவி போதவில்லையென்றால் மாற்றுங்கள். வாங்குமுன் நான்கு ஸ்ரட் போல்ட்களின் இடைவெளி, மிதிக்குப் போகும் கம்பியின் நீளம், பக்கத்திலுள்ள கிளச் மாஸ்டர் சிலிண்டருடன் முட்டாமல் இருக்குமா என்ற மூன்றையும் அளந்துவிடுங்கள். பழைய சாமான் கடையில் எடுப்பதென்றால் வன்-வே வால்வைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். பிரேக் ஒயில் ஈரம் இருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள், ரப்பர் ஊறிப்போயிருக்கும்.

பூஸ்டருடன் சேர்ந்து வரும் மாஸ்டரையும் (பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் சிலிண்டர்) அப்படியே பூட்டிவிடுவார்கள். இங்கேதான் பலருக்கும் பிழைக்கிறது. உங்களுடையது 7/8 அங்குலத் துவாரமாக இருந்து, புதியது 1 அங்குலமானால், அதே அழுத்தலுக்குக் குழாயில் வரும் அமுக்கம் நான்கில் ஒரு பங்களவு குறைந்துவிடும். மிதி உயரமாக, இறுக்கமாக இருப்பதால் பிரேக் நல்லது போலத் தோன்றும். நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பழைய மாஸ்டர் புதிய பூஸ்டரில் பொருந்துமானால் புதிய ரப்பர்கள் போட்டு அதையே வைத்திருங்கள்.

மாஸ்டரைப் பூட்டும் நட்டுகளுக்கு 13 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். வாக்குவம் ஓஸ் அதற்கென்றே செய்த தடித்த ஓஸாக இருக்க வேண்டும். டீசல் ஓஸ் போட்டால் சூட்டில் இளகி உள்ளுக்கு ஒட்டிக்கொள்ளும். குழாய்களில் புகுந்த எயார் எடுக்கும்போது மாஸ்டரிலிருந்து தூரமான சில்லிலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் அக்சிலுக்கு மேலுள்ள, பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் லோட் வால்வில் எயார் நிப்பிள் (காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால் அதையும் விடக்கூடாது.

இன்னொன்று. டீசலை மிச்சம் பிடிக்க உவர்மலை இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டரில் எதுவும் மிஞ்சாது.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): பூஸ்டர் மாற்றிய பிறகு ஐந்தாறு கிலோமீற்றர் ஓடியதும் நான்கு சில்லும் இறுகி, டிரம் கொதிக்கிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. என்ன காரணம்?

பதில்: பூஸ்டரிலிருந்து மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி நீளமாக இருக்கிறது. பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராமல், ஒயில் திரும்பும் சிறு துவாரத்தை மூடிக்கொள்ளும். சூட்டில் ஒயில் விரிந்தால் போக வழியில்லாமல் சில்லுகளை இறுக்கும்.

இறுகியிருக்கும் நேரத்திலேயே பிடித்துவிடலாம். வாகனம் உருளாதபடி சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, மாஸ்டரின் நட்டுகளை 2–3 மி.மீ. தளர்த்தி, மாஸ்டரை முன்னுக்கு இழுங்கள். சில்லுகள் விடுபட்டால் கம்பிதான் குற்றவாளி. விடுபடாமல், ஒரு சில்லின் நிப்பிளைத் திறந்தால் அது மட்டும் விடுபட்டால், அந்தப் பக்கத்து ஓஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. கம்பியைக் குறைக்குமுன் பிரேக் லைட் சுவிட்ச் மிதியைத் தள்ளிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மிதியில் 3 முதல் 6 மி.மீ. வரை சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும்.

அளக்க, கம்பி நுனியில் பிள்ளைகள் விளையாடும் களியில் சிறு உருண்டை வைத்து, இருக்கும் கஸ்கெற்றுடன் மாஸ்டரை இறுக்கி, மீண்டும் கழற்றுங்கள். நசுங்கிய களியின் தடிப்புத்தான் இடைவெளி. எஞ்சின் ஓடாதபோது அரை மி.மீ. சுற்றில் இருந்தால் சரி. 2 மி.மீ. விட்டால் சில்லு இறுகாது, ஆனால் மிதி கூடுதலாக இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கும்.

கேள்வி (நிலாவெளி வாசகர்): சீமெந்துக்கல் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டினேன். இப்போது முன் பிரேக் மட்டுமே பிடிப்பதுபோல் இருக்கிறது. பூஸ்டரா?

பதில்: பூஸ்டரைத் தொடாதீர்கள். லோட் வால்வு பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே பின் பிரேக்குக்கு அமுக்கம் விடுகிறது. பட்டை கூடியதால் பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழ்வதில்லை. வண்டி வெறுமை என்று அது எடுத்துக்கொள்கிறது. வால்வை அக்சிலுடன் இணைக்கும் கம்பியின் அட்ஜஸ்ட்மென்டைப் புதிய உயரத்துக்கேற்ப மாற்ற வேண்டும். வால்வைக் கழற்றி நேராகக் குழாய் கொடுக்கும் வழக்கம் ஆபத்து. வெறும் வண்டியில், மழைத் தெருவில், பின் சில்லு பூட்டி வண்டி சுழன்றுவிடும்.

கூடவே டிரம்மைத் திறந்து, அதன் உள்ளே உரசும் பிரேக் சூவின் தேய்வையும் பாருங்கள். ஹான்ட் பிரேக் கேபிள் வந்து சேரும் சிறு நெம்புகோல் கடற்கரை வாகனங்களில் துருப்பிடித்து இறுகியிருக்கும். அது அசையாவிட்டால் சூ தானாக அட்ஜஸ்ட் ஆகாது, மிதி ஆழமாகப் போகும்.

கேள்வி (குச்சவெளி வாசகர்): பிரேக் குழாய் அடிக்கடி துருப்பிடித்து ஓட்டை விழுகிறது. செப்புக் குழாய் போடலாமா?

பதில்: ஏசிக்குப் போடும் வெறும் செப்பு வேண்டாம், அதிர்வில் வெடிக்கும். செப்பும் நிக்கலும் கலந்த 3/16 அங்குலப் பிரேக் குழாய் போடுங்கள், உப்புக்கு நன்றாகத் தாங்கும். நுனியை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஜப்பான் வாகனங்களில் பெரும்பாலும் 10 மி.மீ. நட்டு, 1 மி.மீ. புரி.

பிரேக் ஒயில் டொட் 3 அல்லது டொட் 4 தரமாக இருக்க வேண்டும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். கடற்கரையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். திறந்து பாதி மிஞ்சிய போத்தலை அடுத்த வருடத்துக்கு வைக்க வேண்டாம்.