யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள்?

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். மகள் அகதா கிறிஸ்டியின் '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவலை வாங்கித் தந்தாள். ரயிலில் கொலை நடக்கும் ஆரம்பம் பிரமாதம். ஆனால் கதை அந்தப் பெரிய பங்களாவுக்குள் போனதும் செட்ரிக், ஹெரால்டு, ஆல்ஃபிரெட் என்று பெயர்கள் குழம்பி, பாதியில் மூடி வைத்துவிட்டேன். துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் எங்கே போனார் என்றே தெரியவில்லை. இதையே தொடரவா, அல்லது முதல் நாவலிலிருந்து வரிசையாகப் படிக்கவா? கொலையாளியை நாமே கண்டுபிடித்தால்தான் ஒழுங்காகப் படித்ததாக அர்த்தமா?

பதில்: தொடருங்கள். ரயில் காட்சி வெறும் தூண்டில்தான். நீங்கள் மூடி வைத்த இடத்தில்தான் கதையே ஆரம்பிக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். பலரும் ஒரு தாளில் வம்ச வரிசை எழுதிப் பார்ப்பார்கள். அதனால் பெரிய பயன் இல்லை, இரண்டு நாளில் அதுவும் மறந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: பங்களாவில் இருக்கும் கிழவர் லூதர் இறந்தால் யாருக்கு என்ன வரும்? வங்கியில் இருந்தவருக்கு நாமினி விவகாரம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிஸ்கட் விற்றுச் சொத்து சேர்த்தவர் லூதரின் அப்பா. மகனை அவருக்குப் பிடிக்காது. அதனால் உயிலை இப்படி எழுதிவைத்தார்: லூதர் உயிரோடு இருக்கும்வரை வருமானம் மட்டும் அவருக்கு, மூலதனத்தில் கைவைக்க முடியாது. அவர் இறந்த பிறகு அந்த மூலதனம் பேரப்பிள்ளைகளுக்கு, அதாவது லூதரின் பிள்ளைகளுக்கு, பங்காகும். பங்களாவும் நிலமும் அப்போது உயிரோடு இருக்கும் மூத்த பேரனுக்கு. பங்களாவைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டதால் அந்த நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது.

இனிப் பெயர்களை வையுங்கள். மூத்தவன் எட்மண்ட் இரண்டாம் உலகப் போரில் இறந்துவிட்டான், ஆகவே இப்போது மூத்தவன் ஓவியன் செட்ரிக். ஹெரால்டு லண்டனில் தொழிலதிபர், வெளியே பளபளப்பு. ஆல்ஃபிரெட் கோணல் வழியில் காசு பார்ப்பவன். எம்மா கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்பவள். இறந்துபோன இன்னொரு மகள் எடித்தின் கணவனும் பள்ளிக்கூடப் பையனான மகனும் வந்து போகிறார்கள். பங்குதாரர்கள் குறைந்தால் மிச்சம் இருப்பவர்களின் பங்கு பெரிதாகும். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றுவிட்டால் பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

மிஸ் மார்ப்பிள் எங்கே என்கிறீர்களா? பக்கத்திலேயே, தன் பழைய வேலைக்காரி ஃப்ளோரன்ஸின் வீட்டில் தங்கியிருக்கிறார். ரயில் பாதையில் தானே போய்வந்து, வரைபடத்தை வைத்து, பிணத்தை எங்கே தள்ளியிருக்க முடியும் என்று கணக்குப் போட்டது வரை அவர் வேலை. மேட்டிலும் புதரிலும் ஏறித் தேட அந்த வயதில் உடம்பு ஒத்துழைக்காது. அதற்குத்தான் லூசி ஐலஸ்பாரோவை அந்த வீட்டுக்குச் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்புகிறார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவள் அடுப்படிக்குப் போவதா என்று நமக்குத் தோன்றும். இங்கேதான் காலத்தைக் கவனிக்க வேண்டும். நாவல் வந்தது 1957-இல். போருக்கு முன்னால் இப்படிப்பட்ட பங்களாக்களில் பட்லர், சமையல்காரி, வேலைக்காரப் பெண்கள் என்று ஒரு படையே இருக்கும். போருக்குப் பிறகு ஆளே கிடைக்கவில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஒருத்தி வேலை கேட்டு வந்தால், நீ யார், எதற்கு வந்தாய் என்று யாரும் துருவ மாட்டார்கள். கேட்ட சம்பளம் கிடைக்கும், எந்த அறைக்குள்ளும் போகலாம். லூசி அதைத் தெரிந்துகொண்டே இந்தத் தொழிலுக்கு வந்தவள். ஆள் பற்றாக்குறை இல்லையென்றால் இந்தக் கதையே நகராது. பங்களாக் கதை எதைப் படித்தாலும் எந்த ஆண்டு வெளிவந்தது என்று முன்பக்கத்தில் பார்த்துவிடுங்கள். வீட்டில் எத்தனை வேலையாட்கள், யார் கண்ணில் எது படும் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

அப்புறம், பென்சிலோடு படியுங்கள். இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு விஷயத்தைக் கதையில் ஒருவர் கண்ணால் பார்த்திருந்தால் ஓரத்தில் 'பா' என்று போடுங்கள். வேறொருவர் சொல்லி மட்டுமே நமக்குத் தெரிந்தது என்றால் 'சொ' போடுங்கள். மிஸ் மார்ப்பிள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். மனிதர்கள் சொல்வதை அப்படியே நம்பும் பழக்கம் தனக்கு இல்லை என்று 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொள்வார்.

உங்கள் புத்தகத்தின் ஆரம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஸ் மார்ப்பிளின் தோழி திருமதி மெக்கிலிகடி கொலையைக் கண்ணால் பார்க்கிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் ஓடும் ரயிலில், ஜன்னல் திரை சட்டென்று மேலே போக, ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கிறான். டிக்கெட் பரிசோதகரோ, இருக்கையில் விரிந்து கிடக்கும் பத்திரிகையைப் பார்க்கிறார். அந்தப் பக்கத்தில் பெண்ணின் கழுத்தை நெரிக்கும் படம்! வயதான அம்மாள், கதை படித்துக்கொண்டே கண்ணயர்ந்து கனவு கண்டிருப்பார் என்று முடிவு கட்டிவிடுகிறார். நேரில் பார்த்தவரை, மிஸ் மார்ப்பிளைத் தவிர, யாரும் நம்பவில்லை. பங்களாவுக்குள் போனால் நிலைமை தலைகீழ். அங்கே ஆளாளுக்கு ஏதோ சொல்கிறார்கள், நாமும் தலையாட்டிக்கொண்டே போகிறோம். இருபது பக்கம் 'சொ' போட்டுப் பாருங்கள், நாம் எவ்வளவு சுலபமாக நம்புகிறோம் என்று சிரிப்பு வரும்.

கொலையாளியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. இந்த நாவலில் அது நியாயமான போட்டியும் அல்ல. வாசகருக்குக் கிடைக்கும் துப்புகள் குறைவு. கதாபாத்திரங்களும் லூசியின் சமையலும்தான் இதன் ருசி. போட்டியில் இறங்க ஆசை என்றால் அடுத்து 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' (1950) எடுங்கள். இத்தனை மணிக்கு இந்த வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வர, ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பிப் போகும் கதை. முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக வருபவர் தெரிந்தவர்களின் கடிதத்தோடு வருவார், இப்போதோ ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது தவிர வேறு அத்தாட்சி இல்லை என்று அதில் ஒரு பேச்சு வரும். அங்கே ஒரு பெரிய 'சொ' போடுங்கள். துப்பு எல்லாம் கண்ணெதிரே கிடக்கும். முதல் முறை படித்தபோது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

வரிசை பெரிய விஷயம் இல்லை. மிஸ் மார்ப்பிள் வரும் நாவல்கள் 12. முதல் நாவல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' 1930-இல் வந்தது. அதில் அவர் ஊர்வம்பு பேசும் பாட்டி, இன்னும் பழகவில்லை என்று தோன்றும். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'நெமசிஸ்' (1971) படிக்கும் முன் 'எ கரீபியன் மிஸ்டரி' (1964) படித்துவிட வேண்டும், அதில் வரும் ஒரு பணக்காரக் கிழவர்தான் இதற்குக் காரணம். இன்னொரு தொல்லை, அமெரிக்கப் பதிப்புகளில் தலைப்பு மாறியிருக்கும். உங்கள் கையில் இருப்பதே அங்கே 'வாட் மிஸஸ் மெக்கிலிகடி சா!' என்று வந்தது. புதியது என்று நினைத்து அதையும் வாங்கிவிடாதீர்கள்.

டிவி தொடரை முதலில் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். ஜோன் ஹிக்சன் நடித்த பிபிசி தொடர் (1984 முதல் 1992 வரை) 12 நாவல்களையும் மரியாதையாகக் கையாண்டது. அதைப் புத்தகம் முடித்த பிறகு பாருங்கள். அதற்குப் பின் வந்த இன்னொரு தொடரில் கொலையாளி விஷயத்திலேயே கைவைத்திருக்கிறார்கள்.

மிஸ் மார்ப்பிள் நடுவில் திடீரென்று ஊர்க்கதை பேசினால் தாண்டிப் போய்விடாதீர்கள். 'தி பாடி இன் தி லைப்ரரி'யில், நூலக அறையில் பிணம் கிடக்கிறது என்று எல்லோரும் பதறும்போது, டீச்சர் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனால் உள்ளிருந்து தவளை குதித்த கதையைச் சொல்வார். கேட்பவர்கள் கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று நினைப்பார்கள். தவளைக்கும் பிணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை அந்தப் புத்தகம் படிக்கும்போது நீங்களே பிடியுங்கள். நம் தெருவிலும் இப்படி நாலு கதை இருக்கும். அவர் மனிதர்களை எடைபோடுவது அந்த மாதிரிக் கதைகளை வைத்துத்தான்.

இப்போது விட்ட இடத்துக்குப் போகாதீர்கள். முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. திருமதி மெக்கிலிகடி அந்த ஜன்னலில் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதி, புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள். கடைசி அத்தியாயங்களுக்கு வரும்போது அந்தச் சீட்டை எடுத்துப் பார்ப்பீர்கள்.