அந்தப் பையனை எலியாகவே விட்டிருக்கலாம்

சிறுவயதில் உயிராக நேசித்த புத்தகம் படமாக வந்து உங்களை ஏமாற்றியது எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டாம், 1990இல் வந்த 'தி விட்சஸ்'தான். (முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.)

ரோல்ட் டால் 1983இல் எழுதிய கதை. அப்பா அம்மாவை இழந்த ஒரு பையன், சுருட்டுப் பிடிக்கும் பாட்டி. சூனியக்காரிகள் அவனை எலியாக்கிவிடுகிறார்கள். கடைசிவரை எலிதான், மந்திரம் முறிவதே இல்லை. ஒரு நாள் தனக்கு எத்தனை வருடம் ஆயுள் என்று பாட்டியிடம் கேட்கிறான். நீ வெறும் எலி இல்லையே, ஒன்பது வருடம்போல இருப்பாய் என்கிறார் பாட்டி. அவருக்கோ 86 வயது. அவனுக்கு ஒரே சந்தோஷம். பாட்டி போன பிறகு வேறு யாரிடமோ வளர வேண்டிய கஷ்டம் இல்லை பாருங்கள்.

அதைப் படித்தபோது எனக்குப் பத்து வயது. அழுதேனா என்று ஞாபகமில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த என் பாட்டியை எழுப்பி வயதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படத்தில் என்ன செய்தார்கள்? கடைசியில் ஒரு சூனியக்காரி திடீரென்று நல்லவளாகி வந்து அவனைப் பழையபடி பையனாக மாற்றிவிடுகிறாள். அவ்வளவுதான், சுபம். இத்தனைக்கும் மோசமான படம் இல்லை. அஞ்சலிக்கா ஹூஸ்டன் தன் முகத்தையே உரித்தெடுக்கும் காட்சி இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். குழந்தைகளை அந்த அளவுக்குப் பயமுறுத்தத் துணிந்தவர்களுக்கு, அவர்களைக் கொஞ்சம் வருத்தப்படவைக்கத்தான் துணிச்சல் வரவில்லை. டாலுக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை. 2020இல் மறுபடி எடுத்தபோது பையனை எலியாகவே விட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே பயம் 2007இல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' படத்திலும் உண்டு. ஃபிலிப் புல்மனின் நாவல் ரோஜர் என்ற சிறுவனின் சாவில் முடிகிறது. நாயகி லைரா தன் நண்பனான அவனைக் காப்பாற்றத்தான் அவ்வளவு தூரம் போகிறாள், ஆனால் அவள் போய்ச் சேர்ந்ததாலேயே அவன் சாகிறான். அந்தக் கடைசிப் பகுதியைப் படமாக்கியும் வெட்டிவிட்டார்கள். அடுத்த பாகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை.

'தி நெவர்எண்டிங் ஸ்டோரி'க்கு நேர்ந்தது இன்னும் மோசம். மிஹாயேல் எண்டே 1979இல் எழுதிய நாவலில் பாதியைத்தான் 1984இல் படமாக்கினார்கள். விட்டுப்போன பாதிதான் புத்தகத்தின் உயிர். தான் படிக்கும் கதைக்குள்ளேயே போய்விடும் பாஸ்டியன் என்ற பையனின் ஒவ்வொரு ஆசையும் நிறைவேறுகிறது, ஒவ்வொன்றுக்கும் விலையாக ஒரு நினைவு போகிறது. கடைசியில் தன் பெயரே அவனுக்கு மறந்துபோகிறது. படத்திலோ அவன் டிராகன்மேல் ஏறி, தன்னை அடித்த பையன்களைத் துரத்திக் கைகொட்டிச் சிரிக்கிறான். எண்டே வழக்குப் போட்டுத் தோற்றார்.

பெர்சி ஜாக்சன் நாவலைப் படமாக்கியபோது அந்தப் பையனின் வயதைக் கூட்டியது, நாயகியின் முடி நிறத்தை மாற்றியது எல்லாம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. புத்தகத்திலிருந்து விலகுவதே குற்றம் என்றால், ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி ஒரு நாவலிலிருந்து எடுத்த 'ஹவுல்ஸ் மூவிங் கேசில்' படத்தை நான் ரசித்திருக்கவே முடியாது. அவர் கதைக்குள் ஒரு முழுப் போரையே கொண்டுவந்து வைத்தார்.

அப்புறம் ஒன்று. போன வருடம் அக்கா மகளுக்கு விட்சஸ் புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டு, பழைய படத்தையும் போட்டேன். அவளுக்குப் படத்தின் முடிவுதான் பிடித்ததாம். “எலியா இருந்தா எப்படி சித்தி சைக்கிள் ஓட்டுவான்?” என்றாள். அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.