கரோட்டின் மாத்திரை போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. முப்பது ஆண்டுகளாகச் சிகரெட் பிடிக்கிறார். நுரையீரலைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்லி, நண்பர் ஒருவர் பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். கேரட்டில் உள்ள நிறமிதானே, தாராளமாகச் சாப்பிடலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம், சகோதரி. மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

காய்கறி நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட ஆய்வாளர்களுக்கும் உங்கள் நண்பருக்குத் தோன்றியதுதான் தோன்றியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பாதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில், புகைபிடிப்பவர்களையும் கல்நார்த் தூசியில் வேலை செய்தவர்களையும் வைத்து நடந்த இன்னொரு ஆய்வை, இதே காரணத்தால் 1996 ஜனவரியில் இடையிலேயே நிறுத்தினார்கள். புகையால் புண்பட்ட நுரையீரலில் மிகுதியாகச் சேரும் கரோட்டின் சிதைந்து, செல்களுக்கு ஊறு செய்யும் பொருளாக மாறுகிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

உணவில் வரும் கரோட்டினுக்கு இந்த அச்சம் தேவையில்லை. கேரட் பொரியல் செய்த வாணலியின் ஓரத்தில் எண்ணெய் மஞ்சளாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறமி எண்ணெயில் கரைவது, ஆகவே வேகவைத்துச் சிறிது எண்ணெயோடு உண்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனும் அப்படியே. சமைக்காத தக்காளித் துண்டைவிடத் தொக்கு மேல். முருங்கைக்கீரையிலும் கரோட்டின் உண்டு, பச்சையம் அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். கவுனி அரிசியின் கருநிறமியான அந்தோசயனினோ நீரில் கரையும். ஒருமுறை கழுவியபின் ஊறவைக்கும் நீர் கருநீலமாவது அதனால்தான், அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். (பீட்ரூட் உண்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பலர் பதறி ஓடிவருகிறார்கள், பெரும்பாலும் அது பீட்ரூட்டின் நிறமேதான்.)

அவர் வேறு சத்து மாத்திரை எடுப்பவரானால், அட்டையில் பீட்டா கரோட்டின் என்ற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தக் காயும் கீரையும் சிகரெட்டுக்கு ஈடுகட்டாது. அதை விடுவதற்கான இலவச உதவி எண் 1800-11-2356; அவர் சட்டைப்பையில் இருக்கும் சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும்.